அடியா, அழுத்தமா?

கல்லுடைத்துக் கருவி செய்யப் பழக இரண்டு வழிகள் உண்டு. உருண்டைக் கல்லால் அடித்துச் சில்லு பெயர்ப்பது ஒன்று. மான்கொம்பின் நுனியையோ செம்புக் கம்பியையோ விளிம்பில் ஊன்றி, அழுத்திச் சிறு செதில்களைக் கழற்றுவது மற்றொன்று.

வயதில் அடிதான் மிக மூத்தது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த குவார்ட்சைட் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை, அடித்தே செய்யப்பட்டவை. அழுத்தும் முறைக்கோ, தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முந்தைய சான்று கிடைத்திருக்கிறது. அங்கே கல்லை முதலில் நெருப்பில் பதப்படுத்தியிருக்கிறார்கள்.

புதிதாகப் பழகுபவருக்கு அழுத்தமே இனிக்கும். தடித்த பாட்டிலின் அடிக்கண்ணாடி போதும். உள்ளங்கையில் தடித்த தோலை வைத்து, அதன்மேல் கண்ணாடியை இறுகப் பிடித்து, முதலில் உள்நோக்கியும் பிறகு கீழ்நோக்கியும் அழுத்தினால் செதில் கழலும். விரைவிலேயே அம்புமுனை போல ஒன்று கைக்கு வந்துவிடும். கலிபோர்னியாவின் யாகி இனத்தவரான இஷி, 1911 முதல் 1916-இல் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த காலத்தில், பாட்டில் கண்ணாடியிலும் அழகிய முனைகளைச் செதுக்கினார். அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் பழக்கம் இருந்தது.

ஆனாலும் அடியிலிருந்தே தொடங்கச் சொல்வேன். கல் எப்படி உடைகிறது என்பதை அதுதான் பெரிதாகக் காட்டுகிறது. சிக்கிமுக்கிக் கல்லிலோ எரிமலைக் கண்ணாடியிலோ விழும் அடி கூம்பாக உள்ளே பரவும். பெயர்ந்த சில்லின் உட்புறத்தில், அடிபட்ட இடத்தையொட்டி ஒரு புடைப்பு நிற்கும். அடிக்கும் தளத்துக்கும் பக்கவாட்டு முகத்துக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் சில்லு ஒழுங்காகப் பிரியும். அந்த முகத்தில் நீளவாட்டில் ஒரு மேடு ஓடினால் சில்லும் அதன் வழியே நீளும். விளிம்புக்கு மிக அருகே அடித்தால் விளிம்பு நொறுங்கும். உள்ளே தள்ளி அடித்தால் தடித்த சில்லு வரும், அல்லது எதுவுமே பெயராது. பலவீனமான விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து உறுதியாக்கிவிட்டு அடிக்க வேண்டும். பலரும் இந்தத் தேய்ப்பைத் தவிர்த்துவிட்டுக் கல்லைக் குறை சொல்கிறார்கள்.

அழுத்தத்திலும் இதே கோணமும் மேடும்தான் வேலை செய்கின்றன. ஆனால் செதில் சிறியது, தவறும் சிறியது, கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அழுத்தி மட்டுமே பழகியவர் கையில் ஒரு முழுக்கல்லைக் கொடுத்தால் எங்கே தொடங்குவதென்று திகைப்பார். அடித்துப் பழகியவரோ அழுத்தத்துக்கு எளிதாக மாறிவிடுவார்.

தொடக்கத்துக்குக் குவார்ட்சைட் வேண்டாம். மிகுந்த பலம் கேட்கும், சில்லின் போக்கையும் எளிதில் காட்டாது.

எந்த வழியானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, திறந்த வெளியில் உட்கார வேண்டும். சிலிக்கா தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். அடிக்கும்போது சில்லு தூரமாகத் தெறிக்கும் என்பதால் கீழே தார்ப்பாய் விரித்து, முடிந்ததும் ஒன்று விடாமல் திரட்டிவிடுங்கள். தொல்லியல் களங்களின் அருகே உடைக்கவே கூடாது. அங்கே விழும் இன்றைய சில்லு நாளை ஓர் ஆய்வாளரின் கணக்கில் பழையதாகப் பதிவாகிவிடக்கூடும்.