தொலைவிலிருந்து கேட்ட செவி

உளச்சிகிச்சையாளர் நோயாளியை நேரிற் காணாது உதவுவது இணையத்தோடு பிறந்த புதுமையெனக் கருதுவோர் பலர். 1909இல் சிக்மண்ட் புரொய்ட் வெளியிட்ட 'சின்ன ஹான்ஸ்' வரலாற்றில், குதிரைக்கு அஞ்சிய அச்சிறுவனை அவர் சிகிச்சையின்போது ஒருமுறையே சந்தித்தார். எஞ்சியவை தந்தையின் வாயிலாகவே நடந்தன. 1953இல் லண்டனில் சாட் வாரா தொலைபேசியைத் துயர்கேட்கும் கருவியாக்கினார்.

1974இல் கொழும்பில் தோன்றிய 'சுமித்ரயோ'வும் அவ்வழியதே. கொள்ளுப்பிட்டிக்குக் கிழக்கே ஹோர்டன் பிளேசிலுள்ள அதன் இல்லத்திற்கு நேரிலும் செல்லலாம். (செவிமடுப்போர் தொண்டர்கள், மருத்துவரல்லர்.)

2020 மார்ச்சு ஊரடங்கு உளவளத்துணையாளரையும் திரைமுன் அமர்த்தியது. திரையில் முகம் தெரியும். மடியில் நடுங்கும் கை தெரியாது. அதனினும் பெரிய இடர் வேறொன்று: கொழும்பின் நெருக்கமான தொடர்மாடிகளில், வீட்டார் காதுக்கெட்டாது கதவடைத்துப் பேச ஓர் அறை எத்தனை பேருக்குண்டு? கருவிகள் பெருகியும் நேர்ச்சந்திப்பு கைவிடப்படாமைக்கு அக்கதவும் ஒரு காரணமென்பதே எம் கருத்து.