ஆளுயரம் கடந்த ஆயுதம்: திருவில்லிபுத்தூர் – இராசபாளையம் வட்டார ஈட்டி மரபும் பாத்திரமேற்பு விளையாட்டு விதிகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஏந்துபவரின் உடலளவை மீறிய ஆயுதத்தை யார், எவ்வாறு கையாள இயலும் என்ற வினாவுக்கு மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் அரை நூற்றாண்டாக விதிகள் வகுத்து வருகின்றன. இவ்விதிகள் ஆயுதத்தின் அளவையும் ஏந்துபவரின் உடலையும் மட்டுமே ஒப்பிடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் தென்தமிழகப் பாளையங்களில் வழங்கிய பதினெட்டடி ஈட்டி குறித்த பதிவுகள், நிலமும் மறைவிடமும் அமைப்பும் இவ்வொப்பீட்டில் இடம்பெற வேண்டியவை என்பதைக் காட்டுகின்றன. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஈட்டி, வல்லயம், பாளையம், தாலமானம், பாத்திரமேற்பு விளையாட்டு, ஆயுதப் பறிப்பு.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் அமைந்த இரண்டு ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். வில்லி என்னும் வேடர் தலைவன் காட்டைத் திருத்தி அமைத்த ஊர் என்று முன்னதன் தலவரலாறு கூறும். படை தங்குமிடத்தைக் குறிக்கும் ‘பாளையம்’ என்ற சொல் பின்னதன் பெயரிலும், அதன் பகுதிகளான பழையபாளையம், புதுப்பாளையம் ஆகியவற்றின் பெயர்களிலும் நிலைத்துள்ளது. இராசபாளையத்தை அடுத்துள்ள சேத்தூர், கொல்லங்கொண்டான் ஆகியனவும் பாளையங்களாக விளங்கியவை. ஊர்ப்பெயர்களில் படைக்கலமும் படைவீடும் தங்கிவிட்ட இவ்வட்டாரத்தில், அப்படைக்கலங்கள் எவ்வாறு கையாளப்பட்டன என்பது போதிய கவனம் பெறாத வினாவாகும். அளவில் பெரிய ஆயுதங்கள் கவிஞரின் மிகையாகவோ சிற்பியின் கற்பனையாகவோ கருதப்பட்டு ஒதுக்கப்படுவதே வழக்கமாக உள்ளது. அவற்றை நுட்பமாகக் காண இயலுமா என்பதே இக்கட்டுரையின் சிக்கல்.

விளையாட்டு விதிகளில் அளவு மீறிய ஆயுதம்

இவ்வினாவை வெளிப்படையான விதிகளாக எழுதிப் பார்த்த துறை மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டாகும். கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலாவது. அதற்கு அடிப்படையாக அமைந்தது ‘செயின்மெயில்’ (1971) என்னும் இடைக்காலப் போர் விளையாட்டு விதிநூல். அதன் தனியாள் போர்ப் பகுதி ஆயுதங்களைக் குத்துவாள் 1, நீள் ஈட்டி 12 என வரிசைப்படுத்தியது. தாக்குபவரே முதல் அடி அடிப்பார் என்பது பொதுவிதி. தற்காப்பவரின் ஆயுதம் இரண்டு படிகள் உயர்ந்ததாக இருந்தாலோ, அவர் மேட்டிலிருந்து போரிட்டாலோ முதல் அடி அவருக்கு உரியதாகும். தொடக்க விதிகளில் ஆயுதத்தின் நீளம் ஒரு வலிமையாகவே மதிக்கப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

பின்னர் வந்த பதிப்புகளில் அளவு ஒரு சுமையாக மாறியது. 2003-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு (3.5), ஒவ்வோர் ஆயுதத்தையும் எந்த உடலளவுக்கு உரியது என வகைப்படுத்தியது. ஒருவர் தம் அளவுக்குப் பொருந்தாத ஆயுதத்தை ஏந்தினால், ஒவ்வோர் அளவு வேறுபாட்டுக்கும் தாக்குதல் பகடையில் இரண்டு எண்கள் குறைக்கப்படும். ஆயுதம் ஒரு படி பெரிதாகும்போது ஒரு கைக்குரியது இரு கைக்குரியதாகும். இரு கைக்குரியது ஏந்த இயலாததாகிவிடும். அதே ஆண்டில் வந்த ஒரு துணைநூல், ‘குரங்குப் பிடி’ எனப் பொருள்படும் சிறப்புத் திறனை வழங்கி, குறைப்பெண்ணை ஏற்றுக்கொண்டு ஒரு படி பெரிய ஆயுதத்தை ஏந்த வழிசெய்தது. 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில், பெரிய உடலினருக்கு உரிய ஆயுதத்தை ஏந்துபவர் இருபது பக்கப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும்.

இவ்விதிகளின் அடிப்படை ஒன்றே: ‘பெரிது’ என்பது ஆயுதத்தின் தனிப்பண்பு அன்று, ஏந்துபவரின் உடலோடு அது கொள்ளும் உறவு. இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று.

சிற்பமும் சிலம்பமும்: உடலே அளவுகோல்

சிற்ப நூல்கள் உருவத்தைத் தாலம் என்னும் முக அளவால் பகுக்கின்றன. உறுப்புகள் உலகியல் அளவையால் அன்றி, அவ்வுருவின் உயரத்திலிருந்தே பெறப்படும் அங்குலத்தால் அளக்கப்படுகின்றன. தேகலப்தாங்குலம் எனப்படும் இவ்வளவை முறையில், படிமம் எவ்வளவு பெரிதாயினும் அதன் விகிதம் மாறுவதில்லை. திருவில்லிபுத்தூர்க் கோயிலில் நாயக்கர் காலக் கலைமரபில் அமைந்த கர்ணன், அர்ச்சுனன், அகோர வீரபத்திரர், ஊர்த்துவ வீரபத்திரர் முதலிய தூண் சிற்பங்கள் இந்நோக்கில் காணத்தக்கவை. அவர்கள் கையிலுள்ள வில்லும் வாளும் பார்ப்பவருக்குப் பெரியவை. ஏந்தியிருக்கும் உருவத்திற்குப் பொருத்தமானவை.

மனித உடலுக்கும் இதுவே விதி. சிலம்பக் கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது ஆசான்கள் வழிவழியாகக் கூறும் அளவு. கம்பின் நீளம் ஊருக்கு ஊர் மாறாமல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிற்பமும் சிலம்பமும் விளையாட்டு விதிநூலும் இவ்விடத்தில் ஒரே கருத்தினவாக உள்ளன. ஆனால், இவ்வளவைக்குள் அடங்காத ஆயுதம் ஒன்று இதே நிலப்பகுதியின் போர்க்களத்தில் வழங்கியது.

பதினெட்டடி ஈட்டி

1750-களிலும் 1760-களின் தொடக்கத்திலும் திருவில்லிபுத்தூர், நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் ஆகியன ஆர்க்காட்டு நவாபு, ஆங்கிலக் கம்பெனி ஆகியோரின் படைகளுக்கும் பூலித்தேவர் தலைமையிலான மேற்குப் பாளையங்களுக்கும் இடையே போர்க்களங்களாயின. 1761-இல் யூசுப்கான் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் கைப்பற்றும்வரை இப்போர்கள் நீடித்தன. இக்காலத்தை எழுதிய இராபர்ட் ஓர்ம், 1763-இல் வெளிவந்த தம் போர் வரலாற்றின் முதல் தொகுதியில், திருச்சிராப்பள்ளிக்கும் குமரிமுனைக்கும் இடைப்பட்ட காடுகளில் வாழ்ந்த போர்மறவர்களின் ஆயுதம் பதினெட்டடி நீள ஈட்டி என்று குறிப்பிடுகிறார். அதனுடன் நிலத்தோடு ஒட்டி ஊர்ந்து சென்று, பதுங்கித் தாக்குவதில் அவர்கள் மிகுந்த திறமை உடையவர்கள் என்பது அவர் கூற்று.

ஓர்ம் எதிர்த்தரப்பின் வரலாற்றாசிரியர். இம்மக்களை அவர் ஒரே பெயரில் அடக்குவதும், அவர்களைத் திருட்டோடு இணைத்துப் பேசுவதும் காலனியப் பார்வையின் விளைவுகள். எனினும், தம் படைக்கு இழப்பு விளைவித்த ஒரு போர்முறையைத் திறமை எனப் பாராட்டி எழுதுவதில் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. ஈட்டியின் அளவைப் பிறிதொரு சான்றும் வலுப்படுத்துகிறது. 1801-ஆம் ஆண்டுப் பாளையக்காரர் போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியிட்ட போர் நினைவுக் குறிப்புகளில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையினரின் ஈட்டிகள் பதினெட்டு முதல் இருபது அடி வரை நீண்டவை எனப் பதிவு செய்கிறார். அவ்வாண்டு மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் மதில் உடைப்பின் மேல் ஏறிய கம்பெனி வீரர்கள், உள்ளே கீழே நின்றவர்களின் ஈட்டிகளுக்கு இரையாகினர். மே 24 அன்றே கோட்டை வீழ்ந்தது.

ஓர்மும் வெல்ஷும் காட்டும் ஈட்டி, ஏந்துபவரின் உயரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நெற்றி உயரக் கம்பின் அளவைக்கு இது முற்றிலும் புறம்பானது.

விதியும் வரலாறும்

இவ்விரு நிகழ்வுகளையும் விளையாட்டு விதிகளின்படி மதிப்பிட்டால் முரண்பாடு வெளிப்படும். ஐந்தாம் பதிப்பின் நீள் ஈட்டி பத்தடித் தொலைவை மட்டுமே எட்டும். பதினெட்டடி ஈட்டிக்கு மனித அளவுப் பட்டியலில் இடமில்லை. அதனைப் பெரிய உடலினர்க்கு உரியதாகக் கொண்டால் குறைந்த எண்ணே கிட்டும். நிலத்தில் கிடப்பவரின் தாக்குதலுக்கும் அதே குறைபாடு உண்டு. ஊர்ந்து செல்பவரின் வேகமும் பாதியாகும். ஓர்ம் திறமை எனக் கண்ட போர்முறை, விதிநூலின்படி எல்லா வகையிலும் பிழையானது. பாஞ்சாலங்குறிச்சியிலோ, மேட்டில் நின்றவர் வீழ்ந்தனர். கீழே நின்றவர் வென்றனர். மேட்டுக்குச் சிறப்புரிமை தந்த 1971-ஆம் ஆண்டு விதி இங்குத் தலைகீழாகிறது.

காரணம் உடல் வலிமையில் இல்லை, இடத்தில் உள்ளது. புதர்க்காட்டில் ஊர்ந்து செல்பவர் ஈட்டியை ஓங்கவோ சுழற்றவோ வேண்டியதில்லை. அதன் பாரத்தின் பெரும்பகுதியைத் தரையே தாங்கும். எதிரி நெருங்கினால் நீண்ட ஈட்டி பயனற்றது என்பது உண்மையே. ஆனால், புதரும் மதிலும் எதிரியை நெருங்கவிடாமல் தடுக்கும்போது, நீளத்தின் குறை நீங்கி நிறை மட்டும் எஞ்சுகிறது.

உலக வரலாற்றில் இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. மாசிடோனியரின் ‘சாரிசா’ ஈட்டியும் ஏறத்தாழ இதே நீளமுடையது. அது நெருங்கிய அணிவகுப்பில், சமநிலத்தில் வென்றது, கி.மு. 168-இல் பிட்னா களத்தின் மேடுபள்ளங்களில் அணி குலைந்தபோது தோற்றது. ஒரே நீள ஆயுதம் ஓரிடத்தில் சமநிலத்தையும் மற்றோரிடத்தில் புதரையும் வேண்டி நின்றது. எனவே, அளவு மீறிய ஆயுதத்தின் பயன் ஆயுதம், உடல் ஆகிய இரண்டால் அன்றி, ஆயுதம், உடல், களம் ஆகிய மூன்றால் வரையறுக்கப்படுகிறது.

களத்திலிருந்து கோயிலுக்கு

1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகளை இடிக்கவும் வழிவகுத்தது. படைக்கலங்களோடு அவற்றைக் கையாளும் பயிற்சியும் மறைந்தது. மனிதர் ஏந்தக் கூடாதவற்றைத் தெய்வங்கள் தொடர்ந்து ஏந்தின. சுடலைமாடனின் வல்லயமும் கருப்பசாமியின் ஆளுயர அரிவாளும் தென்மாவட்டக் காவல் தெய்வ வழிபாட்டில் இன்றும் காணத்தக்கவை. அங்கு அரிவாள் நேர்ந்து நடப்படுவது, வீசப்படுவதற்கன்று.

இதன் விளைவு ஒன்று ஆய்வுலகையும் பாதித்துள்ளது. பெரிய ஆயுதம் கோயிலில் மட்டுமே காணக் கிடைப்பதால், அது தொடக்கம் முதலே சமயக் குறியீடு என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. ஈட்டியின் வரலாறு அவ்வெண்ணத்தை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. தெய்வத்தின் கையிலுள்ள நெடிய வல்லயத்திற்குப் பின்னால், மனிதர் கையிலிருந்த ஈட்டி ஒன்றும் இருந்தது.

முடிவுரை

அளவு மீறிய ஆயுதத்தை ஏந்துபவரின் குறைபாடாகக் கணக்கிடும் விளையாட்டு விதி, உடலே அளவுகோல் என்ற பழைய உண்மையைச் சரியாகவே உணர்ந்துள்ளது. எனினும், களத்தைக் கணக்கில் கொள்ளாததால் தென்பாளையங்களின் போர்முறை அதற்குள் அடங்கவில்லை. இக்குறை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. கதைப்பாடல்கள், நடுகற்கள், கோயிற் சிற்பங்கள் ஆகியவற்றில் இடம்பெறும் பெரிய ஆயுதங்களை மிகை என ஒதுக்கும் ஆய்வுகளும் அதே குறையை உடையவை. அத்தகைய ஆயுதம் ஒன்றைக் காணும் ஆய்வாளர், இதனை ஒருவரால் தூக்க இயலுமா என்பதோடு, எந்த நிலத்தில், எந்த மறைவில், எவரோடு நின்று ஏந்தினர் என்பதையும் வினவ வேண்டும். திருவில்லிபுத்தூர் – இராசபாளையம் வட்டாரத்தின் மலையடிவாரக் காடுகளும் பாளையங்களின் கோட்டைத் தடங்களும் அவ்வினாவோடு மீண்டும் களஆய்வுக்கு உட்படுத்தத்தக்கவை.