காட்டுக் குட்டை மீட்பு

மரநிழலும் இலைச்சருகும் மூடித் தூர்ந்துபோன குட்டைகளை மீண்டும் உயிர்கள் வாழும் நீர்நிலைகளாக்கும் பணி காட்டுக் குட்டை மீட்பு எனப்படும். இங்கிலாந்தில் இப்பணியில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. அங்கே 1 சதுர மீட்டர் முதல் 2 ஹெக்டேர் வரை பரப்புள்ள, ஆண்டில் குறைந்தது 4 மாதங்கள் நீர் நிற்கும் நீர்நிலையைக் குட்டை என்கிறார்கள்.

பின்னணி

இவற்றுள் பல, வயலுக்கு உரமாகச் சுண்ணாம்புக் களிமண் எடுத்த குழிகள். சில, கால்நடைகள் நீர் அருந்த வெட்டியவை. அந்தப் பயன்பாடு நின்றதும் கரைகளில் வில்லோ மரங்கள் அடர்ந்தன. ஒளி புகாமல் நீர்த்தாவரங்கள் மறைந்தன. இலைகள் அழுகி நீரில் ஆக்சிஜன் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் குட்டைகளில் ஏறக்குறைய பாதியை இழந்தது.

பணிமுறை

இனப்பெருக்கக் காலம் முடிந்த பின், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேலை நடக்கிறது. வெயில் விழுவதற்காகத் தென்கரை மரங்களை முதலில் வெட்டுகிறார்கள். பிறகு தூர் வாருகிறார்கள். அடியிலுள்ள களிமண் படலம் கிழிந்தால் நீர் தங்காது. எனவே அதற்கு மேலேயே நிறுத்திவிடுகிறார்கள். வாரிய சேற்றைச் சில நாள் கரையிலேயே விட்டுவைத்தால், அதிலுள்ள சிற்றுயிர்கள் நீருக்குத் திரும்பும். ஒரே பகுதியிலுள்ள எல்லாக் குட்டைகளையும் ஒரே ஆண்டில் வெட்டவெளியாக்குவதில்லை. நிழலை விரும்பும் உயிர்களும் உண்டு.

மீன் விடுவது கூடாது. மீன்கள் தலைப்பிரட்டைகளையும், பல்லி வடிவமுள்ள நீர்நில வாழ்வியான நியூட்டின் குஞ்சுகளையும் தின்றுவிடும். கோடையில் வற்றும் குட்டையில் மீன் நிலைக்காது என்பதால், எப்போதாவது வற்றுவது குறையன்று. அயல் தாவரங்கள் பரவாதிருக்கக் காலணிகளையும் கருவிகளையும் கழுவிக் காயவைப்பது கட்டாயம்.

பயன்கள்

நியூட் வகைகளுள் ஒன்றான பெருங்கொண்டை நியூட், ஒவ்வொரு முட்டையையும் நீர்த்தாவர இலையில் மடித்து ஒட்டுகிறது. ஒளி வந்து தாவரம் தழைத்தால்தான் அது பெருகும். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாப்பதால், அது வாழும் குட்டையில் கைவைக்குமுன் உரிய அனுமதி தேவைப்படலாம்.

ஏறத்தாழ 23,000 குட்டைகள் கொண்ட நார்ஃபோக் மாவட்டத்தில் 2014இல் நார்ஃபோக் குட்டைகள் திட்டம் தொடங்கியது. மண் கொட்டி மூடப்பட்ட பழங்குட்டைகளைத் தோண்டியபோது, 150 ஆண்டுகள் வரை புதைந்துகிடந்த விதைகளும் முளைத்தன என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஹேடன் என்னும் ஊரில் வில்லோ புதர் அகற்றிய குட்டையோரத்தில், ஒரு நூற்றாண்டாக அம்மாவட்டத்தில் காணாத கிராஸ் பாலி என்னும் செடி மீண்டும் தோன்றியது. அதை அங்கே யாரும் நடவில்லை.