மூளை ஆர்கனாய்டு

மூளை ஆர்கனாய்டு என்பது மனித ஸ்டெம் செல்களிலிருந்து (பலவகைச் செல்களாக மாறவல்ல செல்கள்) ஆய்வகத்தில் வளர்க்கப்படும், சில மில்லிமீட்டர் அளவுள்ள முப்பரிமாண நரம்புத் திசு. கருவில் மூளை உருவாகும் தொடக்கக் கட்டங்களை இது ஒத்திருக்கிறது. கருவில் வளரும் மனித மூளையை நேரடியாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை. எலியின் மூளையிலோ மனித நோய்கள் பலவும் அப்படியே வெளிப்படுவதில்லை. இக்குறையைப் போக்குவதால்தான் மூளை ஆய்வில் இத்திசு முக்கியத்துவம் பெறுகிறது.

தோற்றம்

முதிர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதை மீண்டும் ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்பதை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக அறிவியலாளர் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும், 2007இல் மனித செல்லிலும் நிறுவினார். இதற்காக 2012ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் இத்துறையின் முன்னோடியான ஜான் குர்டனுக்கும் வழங்கப்பட்டது. நோயாளியின் தோல் செல்லிலிருந்தே அவரது மரபணுக்களைக் கொண்ட நரம்புச் செல்களை உருவாக்க யமனாகாவின் கண்டுபிடிப்பு வழிவகுத்தது. ஸ்டெம் செல்கள் தாமாகவே மூளைப் புறணித் திசுவாக அமைவதை அறிவியலாளர் யோஷிகி சசாயின் குழு 2008இல் காட்டியது. வியன்னாவில் மேடலின் லங்காஸ்டர், யூர்கன் நோப்ளிக் குழு 2013இல் மூளையின் பல பகுதிகளை ஒத்த ஆர்கனாய்டுகளை உருவாக்கியது.

வளர்ப்பு முறை

ஸ்டெம் செல்களை ஊட்டக் கரைசலில் உருண்டையாகத் திரளவிட்டு, நரம்புத் திசுவாக மாறத் தொடங்கியதும் புரதக் கூழில் பதிக்கிறார்கள். பிறகு சுழலும் கலனில் மாதக்கணக்கில் வளர்க்கிறார்கள். சுழற்சியால் ஆக்சிஜனும் ஊட்டமும் திசுவைச் சீராகச் சென்றடைகின்றன.

நோய் ஆய்வு

பிறவியிலேயே தலை சிறுத்திருக்கும் குறைபாடு கொண்ட ஒருவரின் செல்களிலிருந்து வியன்னா குழு வளர்த்த ஆர்கனாய்டுகள் இயல்பைவிடச் சிறியவையாக இருந்தன. பெருக வேண்டிய முன்னோடிச் செல்கள் உரிய காலத்துக்கு முன்பே நரம்புச் செல்களாக மாறிவிடுவதே காரணம் என்று தெரிந்தது. 2016இல் நடந்த சோதனைகள், ஜிகா வைரஸ் இதே முன்னோடிச் செல்களைத் தாக்குவதைக் காட்டின.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செர்ஜியு பாஷ்கா குழு 2022இல் மனித ஆர்கனாய்டைப் பிறந்த சில நாள்களேயான எலிகளின் மூளையில் பதியமிட்டது. எலியின் ரத்த நாளங்கள் அதற்குள் படர்ந்தன. எலியின் மீசை தீண்டப்பட்டபோது மனித நரம்புச் செல்கள் மின்துடிப்பு காட்டின. திமோதி நோய்த்தொகுதி என்ற அரிய மரபணு நோயில் கால்சியம் அயனிகள் நுழையும் வாயில் பழுதாகிறது. அதைச் சீராக்கும் குறு மரபிழையை (சிறிய மரபணு இழைத் துண்டு) இக்குழு 2024இல் இவ்வாறு பதியமிட்ட திசுவில் சோதித்து வெற்றி கண்டது. அரிய நோய் உள்ளவர்களுக்கு இது பெரும் நம்பிக்கை தரும் முன்னேற்றம்.

வரம்புகள்

கலனில் வளரும் ஆர்கனாய்டில் ரத்த நாளங்கள் இல்லாததால் அது பெரிதாகும்போது அதன் நடுப்பகுதிச் செல்கள் மடிகின்றன. பெரும்பாலும் கருநிலை வளர்ச்சிக்கு மேல் அது முதிர்வதில்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஆர்கனாய்டில் இருப்பவை சில லட்சங்கள் முதல் சில பத்து லட்சங்கள் வரையே.

அறநெறி

திசு முதிர்ச்சியடையுந்தோறும் வலி, உணர்வுநிலை பற்றிய கேள்விகளும் வலுப்பெறும். செல் வழங்குபவரின் தெளிவான ஒப்புதலும், விலங்குகளில் பதியமிடும்போது கடுமையான கண்காணிப்பும் இத்துறைக்கு இன்றியமையாதவை. சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுக் கழகம் 2021இல் புதுப்பித்த வழிகாட்டு நெறிகளில் ஆர்கனாய்டு ஆய்வும் இடம்பெற்றுள்ளது.