சபராளியின் இரண்டு கணக்குகள்

நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை ஆகிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் 'சபர்' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் வழக்கொழிந்துவிட்டது என்றே சொல்லலாம். அரபியில் அது எந்தப் பயணத்தையும் குறிக்கும். நம் ஊர்களிலோ பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போனவரைச் சபர் போனவர் என்று எவரும் கூறுவதில்லை. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு, பின்னர் துபாய், தம்மாம், குவைத் எனக் கடல் கடந்து பொருளீட்டப் போவதே சபர். போனவர் சபராளி. "மச்சான் சபர்ல இருக்காரு" என்றால், அவர் வர ஆண்டுகள் ஆகும் என்பதும் அதில் அடக்கம். பயணத்தைக் குறித்த சொல், பயணம் முடிந்து ஓரிடத்தில் தங்கிவிட்ட வாழ்க்கையைக் குறிக்கலாயிற்று.

(ஸஃபர் மாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாதத்தின் பெயர் 'ஸாத்' எழுத்தில் தொடங்குவது. பயணம் 'ஸீன்' எழுத்தில் தொடங்குவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதாலோ என்னவோ, அம்மாதத்தில் பயணம் கூடாது என்ற எண்ணம் நம்மவர் சிலரிடம் வலுவாக இருக்கிறது. அம்மாதத்தைச் சகுனமாகக் கொள்வதை நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள்.)

ஃபிக்ஹு நூல்களில் பயணத்துக்குத் தெளிவான எல்லை உண்டு. குறிப்பிட்ட தூரத்தைக் கடப்பவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம்; ரமளான் நோன்பைப் பின்னர் நோற்கலாம். இச்சலுகை எதுவரை என்பதையும் இமாம்கள் வரையறுத்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு நாட்கள் தங்க எண்ணினால் பயணி என்ற நிலை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். அதன்பின் அவர் அவ்வூரில் தங்கியிருப்பவர், அதாவது முகீம்.

மதரஸாவில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், எங்க அத்தா ஏழு வருஷமா சபர்ல இருக்காங்க. அவங்க ரெண்டு ரக்அத்தான் தொழுவாங்களா?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி சரியானதே. "இல்லை தம்பி, உன் அத்தா அங்கே முழுமையாகத்தான் தொழ வேண்டும். விமானத்தில் போன நாளோடு அவருடைய சபர் முடிந்துவிட்டது" என்றேன். அவன் முகத்தில் தெளிவு வரவில்லை. "அப்ப ஏன் இன்னும் வரல?" என்றான்.

தொழுகையின் கணக்கில் சபர் சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது. வீட்டின் கணக்கில் அது தீர்வதேயில்லை. இவ்வேறுபாடு எப்படி உருவாயிற்று என்பதை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றம் 1786இல் பிரான்சிஸ் லைட்டால் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே கெடாவில் நம்மவர் வணிகம் செய்துவந்தனர். அங்கே அவர்களுக்குச் 'சூலியா' என்று பெயர். 1790களில் லைட் எழுதிய அறிக்கையில், ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் பினாங்கில் தங்கியிருப்பதாகவும், சிலரே குடும்பத்தோடு இருப்பதாகவும், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 ஆண்கள் வரை கொண்டுவருவதாகவும் குறிக்கிறார். அவர்கள் வணிகமும் கூலிவேலையும் செய்து சிறிது பணம் சேர்த்ததும் ஊர் திரும்புவர், அவர்களிடத்துக்கு வேறு ஆட்கள் வருவர் என்பதும் அவர் கூற்று. வருவதும் திரும்புவதும் அக்காலத்தில் ஒரே சுழற்சியின் இரு பாதிகளாக இருந்தன. பாய்மரக் கப்பலைத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே திருப்பும். காற்றே ஊருக்கு வழி காட்டியது.

ஆயினும் எல்லாரும் திரும்பினர் என்று எண்ணிவிடக் கூடாது. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடித்தளமிட்ட காதர் முகைதீன், சிங்கப்பூரில் 1826 முதல் நிற்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைக் கட்டியவர்கள், அதே நகரில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பியவர்கள் ஆகியோர் அங்கேயே வேரூன்றிய தலைமுறையினர். பலர் அங்கே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவ்வழி வந்தவர்களே ஜாவி பெரானாக்கான் எனப்படும் சமூகத்தார். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி முன்ஷி அப்துல்லாஹ், தம் பாட்டனாரின் தந்தை யமனிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்தவர் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இவற்றைப் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதுதான். மலாயாவில் இரண்டாவது குடும்பம் அமைந்தபோது ஊரில் முதல் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதைப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றின் கட்டாயம் நீங்கியது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டியை அணையாக்கி, ஏறத்தாழ ஒரு வாரம் பயணித்தவர்களின் நினைவுகள் நம் பெரியவர்களிடம் இன்னும் உள்ளன. அந்த ஒரு வாரமே ஃபிக்ஹின்படி உண்மையான சபர். கப்பலில் அவர்கள் கஸ்ரு தொழுதார்கள். இனி எந்த மாதமும் திரும்பலாம் என்ற நிலை வந்தபோதுதான் திரும்புவது கடினமாயிற்று என்பது விந்தை. கடனும் கடையின் பொறுப்பும் பருவக்காற்றின் இடத்தைப் பிடித்தன. 1953 ஆகஸ்டில் மலாயாவில் குடிநுழைவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின், ஊருக்கு வந்தால் மீண்டும் நுழைய முடியுமோ என்ற அச்சம் பலரை அங்கேயே நிறுத்தியது. ரஜூலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985இல் தீப்பற்றியது. அத்தோடு அக்கடல்வழிப் பயணமும் நின்றுபோயிற்று. அதற்குள் எண்ணெய் விலை ஏற்றத்தால் வளைகுடா நாடுகள் செழித்து, நம் இளைஞர்களின் முகம் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிவிட்டிருந்தது.

சபரைச் சுற்றி ஊரில் ஒரு பண்பாடே வளர்ந்தது. சபராளி வந்திறங்கியதும் பெட்டி திறக்கும் நாள் ஒரு சிறு பெருநாள். கோடாலித் தைலமும் அத்தரும் கைலியும் உறவு முறை பார்த்துப் பகிரப்படும். ஒருவர் விடுபட்டாலும் மனத்தாங்கல். மலாய்க்காரர்கள் 'பெலிக்காட்' என்று உடுத்தும் கைலியின் பெயர் நம் பழவேற்காட்டிலிருந்து போனது. அதே கைலியைச் 'சிங்கப்பூர் சாமான்' என்று நாம் விரும்பி வாங்கியது வணிகத்தின் வேடிக்கை. நம்மவர் பினாங்கில் காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்றதால் 'நாசி கண்டார்' என்ற உணவு பிறந்தது.

வீட்டின் அமைப்பிலும் சபரின் சாயல் தெரிகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டுப் பக்கமே வாழ்வதும், பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். ஆண்கள் ஆண்டுக்கணக்கில் இல்லாத ஊரில் ஒரு பெண் அறிமுகமற்ற புகுந்த வீட்டில் தனித்திருப்பதைவிட, தாயும் தமக்கையும் சூழ இருப்பது மேல் என்று முன்னோர் கருதியிருக்கலாம் என்பது என் எண்ணம். வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. காயல்பட்டினத்தில் தெருக்களுக்கு இடையே பெண்கள் நடமாடவென்றே 'முடுக்கு' எனப்படும் குறுகிய வழிகள் உண்டு. ஆண் துணையின்றியே அன்றாடத்தை நடத்த வேண்டியவர்களுக்கு அது எத்துணை உதவி!

கடிதம் இன்னொன்று. தமிழ் எழுத்து அறியாத பெண்கள் பலர், ஓதக் கற்ற அரபு எழுத்துகளைக் கொண்டே தமிழை எழுதினர். அரபுத்தமிழ் என்றதும் நாம் மார்க்க நூல்களையே நினைக்கிறோம். ஆலிம்கள் எழுதியவை அச்சேறிப் பாதுகாக்கப்பட்டன. கணவனுக்கு மனைவி எழுதியவை பெட்டியடியில் கிடந்து செல்லரித்தன. நம் சமூகப் பெண்களின் சொந்தக் குரல் அதிகம் இருந்திருக்கக்கூடிய எழுத்து அதுவே. அண்டைக் கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல், துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக ஒரு பாட்டை ஆக்கினார். கணவனின் மறுமொழியாகவும் ஒன்று பாடினார். வளைகுடாக் குடும்பங்களில் அது பெரும் புகழ் பெற்றது. ஒரு சமூகம் வீட்டுக்குள் முணுமுணுத்ததை அது வெளியே சொல்லிற்று.

இனி இரண்டாவது கணக்கு. பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது உறக்கத்தையும் உணவையும் பறிக்கும், ஆகவே தேவை முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்புக என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தாம் பயணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பாலைவனப் பயணம், போர்ச் சூழல், ஒட்டகத்தின் மேல் சிவிகை. அத்தனை இடருக்கு நடுவிலும் மனைவி உடன் சென்றார்.

உமர் (ரலி) அவர்களின் செய்தி பலரும் அறிந்ததே. இரவில் நகரைச் சுற்றிவந்தபோது, கணவன் படையில் போய்விட்ட ஒரு பெண் தன் தனிமையைப் பாடுவதைக் கேட்டார்கள். மறுநாள் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருக்க முடியும் என்று வினவினார்கள். தந்தை மகளிடம் கேட்கக் கூசும் கேள்வி. ஆயினும் கேட்டார்கள்; விடை பெற்றார்கள்; படைவீரரை அக்காலத்துக்கு மேல் நிறுத்தலாகாது என்று ஆணையிட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. மனைவியை அணுகுவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்குக் குர்ஆன் (2:226) வைத்த எல்லையும் நான்கு மாதமே. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் மத்ஹபில், தக்க காரணமின்றி ஆறு மாதத்துக்கு மேல் கணவன் வராதிருந்தால் மனைவி அவனைத் திரும்பிவரக் கோரலாம். பொருளீட்டல் தக்க காரணம்தானே என்று கேட்பவர் உண்டு. ஆம், மனைவி மனமொப்பினால் தடையில்லை என்பதையும் அறிஞர்கள் கூறியுள்ளனர். அந்த ஒப்புதலை யார் கேட்டார் என்பதே என் ஐயம்.

திரும்பியே வராதவர்களின் மனைவியர் நிலை இன்னும் கொடியது. கணவன் உயிரோடிருக்கிறானா என்றே தெரியாத பெண், ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி அவன் வயதொத்தவர்கள் இறக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டும். மாலிகி மத்ஹபில் நான்கு ஆண்டுகள். பிரிட்டிஷ் இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில், விடுபட வேறு வழி காணாத சில பெண்கள் மதம் மாறியதாக அறிவிக்கும் அளவுக்கு நிலை முற்றியது. அப்போது மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், தாம் ஹனஃபியாக இருந்தும், மாலிகி அறிஞர்களின் தீர்ப்புகளைக் கேட்டுப் பெற்று 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்ற நூலை வெளியிட்டார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துக்கு அம்முயற்சி வழிவகுத்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றாலோ, இரண்டு ஆண்டுகளாக அவன் செலவுக்குக் கொடுக்கவில்லை என்றாலோ, மனைவி நீதிமன்றத்தில் திருமண முறிவு கோரலாம் என்கிறது அச்சட்டம். ஷரீஅத்தில் இடமில்லை என்று கைவிரிக்காமல், இடம் இருக்கும் மத்ஹபைத் தேடிச் சென்றார்கள் அந்த ஆலிம்கள். சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆவதற்குள் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நம்மவர் பலருக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்தது.

இன்று காணாமற்போவோர் அரிது. கைபேசித் திரையில் அத்தா அன்றாடம் தோன்றுகிறார். குடும்ப விசாவுக்குப் போதிய சம்பளம் இல்லாதவருக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை விடுப்பு. அதிலும் வீட்டு வேலை, தங்கை கல்யாணம் என்று ஒரு முறை தள்ளிப்போனால் நான்கு ஆண்டு. நிக்காஹ் பேசும் இடங்களில் ஆலிம் என்ற முறையில் நானும் அமர்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை எந்த நாட்டில், என்ன விசா, எவ்வளவு சம்பளம், நகை எத்தனை பவுன், மஹர் எவ்வளவு என்பவை தவறாமல் பேசப்படுகின்றன. மணமான எத்தனையாவது நாள் புறப்படுவார், எத்தனை மாதத்துக்கொருமுறை வருவார், அதற்கு உனக்குச் சம்மதமா என்று பெண்ணிடம் வலீ கேட்டதை இரண்டே நிக்காஹ்களில் கண்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் பெண், "வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரணும்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் சற்று நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்கள்.