சாங்கிச் சுவரும் புனையா ஓவியமும்

ஓவியமொன்றில் நிறங்கள் குறைந்திருக்கக் கண்டால், அதற்கு உட்பொருள் தேடுவது நம்மிற் பலருக்கு வழக்கம். பழுப்பு துயரம், வெண்மை தூய்மை என்று உரை வகுத்துவிடுவோம். சாங்கியிலுள்ள சுவரோவியங்களுக்கு அம்முறை பொருந்தாது.

அவற்றை எழுதியவர் ஸ்டான்லி வாரன் என்னும் பிரிட்டிஷ் படைவீரர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர். சீதபேதியால் நைந்து, ராபர்ட்ஸ் படைக்குடியிருப்பின் 151-ஆம் கட்டடத்திலிருந்த கைதிகள் மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவர்களில் ஐந்து விவிலியக் காட்சிகளை எழுதினார். சிறிது நேரம் எழுதுவார், பிறகு ஓய்வார். உடலில் அவ்வளவே வலு இருந்தது.

வண்ணத்துக்கு எங்கே போவது? உடனிருந்த கைதிகள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் திரட்டினர். பகைவர் கண்ணுக்குத் தப்பப் பூசும் பழுப்புச் சாயம், வெள்ளைச் சாயம், பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டிகள் கிடைத்தன. ஆகவே அங்குப் பழுப்பு துயரின் குறியன்று. கைக்கு எட்டிய சாயம்.

பின் எதைப் படிப்பது? இருந்ததை அவர் செலவிட்ட முறையைத்தான். அகன்ற தூரிகை, பெரும்பரப்பில் ஒரே நிறம், தெளிந்த புறக்கோடு. முகத்தின் நுணுக்கம் சொல்ல வேண்டியதை உடலின் வளைவு சொல்லிவிடுகிறது. நெடுநல்வாடை, அணி களைந்த அரசிக்கு வண்ணம் தீட்டாத 'புனையா ஓவியத்தை' உவமையாக்குவதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அங்கும் குறைவே அழுத்தம் தருகிறது.

சிலுவைக் காட்சியில் சிலுவையை நிறுத்துவோர் ரோமப் படைவீரர் அல்லர். அரைத்துணி உடுத்த அடிமைகள். கொளுத்தும் வெயிலில் வேலைவாங்கப்பட்ட கைதிகளின் கோலமும் அதுவே. பகைவரின் சிறையிலிருந்து எழுதியவர், பகைவரென்று சுட்ட அக்காட்சியில் ஒருவரையும் வைக்கவில்லை. கொடுமையைச் செய்யும் கைகளும் ஏவப்பட்ட கைகளே. ஐந்தனுள் இதனையே தலையாயது என்பேன்.

பின்னர் இவ்வோவியங்களின்மேல் சுவர்ப்பூச்சு ஏறியது. 1958-இல் மீண்டும் கண்டறியப்பட்டன. எழுதியவரைத் தேடிப் பிடித்தபோது அவர் லண்டனில் ஓவிய ஆசிரியர். பழைய நினைவுகளுக்கு அஞ்சித் தயங்கியவர், 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து செப்பனிட்டார், 1992-இல் மறைந்தார். புனித லூக்காவின் ஓவியத்தில் மட்டும் கீழ்ப்பகுதி இல்லை. சுவரை இடித்து வாயில் திறந்தபோது அது போயிற்று. அங்கே தாம் என்ன எழுதியிருந்தோமென்பது வாரனுக்கே நினைவில் இல்லை.