சீனத்து அணுக்குண்டும் மூளாத போரும்

நிகழ்ந்த போர்களின் வரலாற்றை எழுதினோர் பலர். மூண்டுவிடுமென்று அஞ்சப்பட்டு மூளாது ஒழிந்த போர்களை ஆராய்ந்தோர் சிலரே. சீனாவின் அணு நிலையங்களைத் தாக்கி அழிக்கலாமா என்னும் வினா 1963ஆம், 1964ஆம் ஆண்டுகளில் வாசிங்டனிலும், 1969இல் மொஸ்கோவிலும் எழுந்தது. அக்காலத்து அமெரிக்க அரசாங்கப் பத்திரங்கள் பல பின்னர் வெளியிடப்பட்டமையால், அன்று இரகசியமாய் நடந்தவற்றை இன்று நாம் ஓரளவு தெளிவாக அறியக்கூடியதாக இருக்கின்றது.

சீனா அணுக்குண்டை விரும்பியது ஏன் என்பதை முதற்கண் நோக்குவாம். கொரிய யுத்தத்தில் (1950-53) சீனப் படைகள் அமெரிக்கப் படைகளோடு நேரே பொருதின. 1955இல் தாய்வான் நீரிணை நெருக்கடியின்போது, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடும் எனச் சனாதிபதி ஐசனோவர் வெளிப்படையாகவே பேசினார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மா சே துங் அணு முயற்சிக்கு இசைவளித்துவிட்டார். 1957இல் சோவியத் அரசு உதவ உடன்பட்டது. ஆயினும் 1959 யூன் மாதத்தில் மாதிரிக் குண்டைத் தர மறுத்தது. மறுவருடம் தன் நிபுணர்களையும் திருப்பியழைத்துக்கொண்டது. மறுக்கப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் இணைத்து, ‘596’ என்றே சீனர் தம் திட்டத்துக்குப் பெயரிட்டனர். அவமானத்தை மறவாதிருத்தற்கு இதனினும் சிறந்த வழி வேறு யாது?

சனாதிபதி கெனடி இம்முயற்சியைக் கண்டு பெரிதும் அஞ்சினார். 1963 யூலையில், அணுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை பற்றிப் பேச ஹரிமனை மொஸ்கோவுக்கு அனுப்பியபோது, வேறொரு பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். சீனாவைத் தடுக்கச் சோவியத் அரசு தானே நடவடிக்கை எடுக்குமா, அன்றேல் அமெரிக்க நடவடிக்கைக்கு உடன்படுமா என்று குருசேவின் கருத்தை அறிந்துவர வேண்டும் என்பதே அது. குருசேவ் பிடிகொடுக்கவில்லை. பீக்கிங்கோடு அவர் கொண்ட பகை கடுமையானதே; எனினும் முன்னாள் தோழரைத் தாக்குதற்கு மாற்றானோடு கைகோக்க அவர் துணியவில்லை.

கெனடி மறைந்தபின் அப்பொறுப்பு ஜோன்சனிடம் வந்தது. 1964இல் இராசாங்கத் திணைக்களத்து அதிகாரியான றொபேட் ஜோன்சன் (சனாதிபதி வேறு, இவர் வேறு) ஓர் அறிக்கை வரைந்தார். சீனாவின் சிறு அணுவலிமை ஆசியாவின் படைச் சமநிலையை மாற்றிவிடாது. தாக்கினாலும் அதன் முயற்சி தாமதமாகுமேயன்றி அழியாது என்பன அவர் வாதங்கள். செப்ரெம்பர் 15ஆந் திகதி ரஸ்க், மக்னமாரா, பண்டி, மக்கோன் ஆகியோர் கூடி ஆராய்ந்தனர். காரணமின்றித் தாமாகத் தாக்குவதிலும் சீனப் பரிசோதனை நிகழ்வதைப் பொறுத்துக்கொள்வதே மேல் என அவர்கள் முடிவுசெய்தனர். வேறு காரணத்தாற் போர் மூளின் அப்பொழுது பார்க்கலாம் என ஒரு வாயிலையும் திறந்தே வைத்தனர்.

1964 ஒக்ரோபர் 16ஆந் திகதி லொப் நோர் பாலைநிலத்தில் சீனா தன் முதற் குண்டை வெடித்தது. ஏறக்குறைய 22,000 தொன் வெடிமருந்தின் வலிமை அதற்கு இருந்தது. இரண்டு நாட்களின் முன்னரே குருசேவ் பதவியிழந்திருந்தார். அமெரிக்க அறிஞர்கள் காற்றிற் கலந்த துகள்களைச் சோதித்தபோது வியப்படைந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது புளூட்டோனியம், கிடைத்ததோ யூரேனியம்! பாவோதௌவிலுள்ள ஒரு தொழிற்சாலையைப் படங்களிற் கண்டு, புளூட்டோனியம் ஆக்கும் அணுவுலை அதுவே என உளவுத் துறையினர் நம்பியிருந்தனர். உண்மையில் அஃது அணு எரிபொருள் ஆக்கும் தொழிற்சாலை. குண்டுக்கான யூரேனியம் லன்சௌவிலிருந்து வந்தது. அந்நிலையமும் அவர்கள் கண்ணிற் பட்டதே. ஆனால் அது வேலைசெய்யும் நிலையை இன்னும் எய்தவில்லை என மதிப்பிட்டிருந்தனர். எனவே பாவோதௌவைக் குறிவைத்து விமானங்கள் சென்றிருப்பின், பெரும் போர் ஒன்று தொடங்கியிருக்கக்கூடும்; முதற் குண்டுக்கு வேண்டிய யூரேனியமோ அழியாதிருந்திருக்கும். இக்கட்டத்தை வரலாறு பயிலும் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று கூறுதல் பொருந்தாது. 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கிச் சீனா பெருங்குழப்பத்துள் ஆழ்ந்தது. அக்குழப்பத்தினிடையே, 1967 யூனில், ஐதரசன் குண்டும் வெடிக்கப்பட்டது. இவை இரண்டையும் ஒருங்கே கண்டோர் நடுங்கியதிற் குற்றமில்லை. எனினும் 1964இல் முடிவுசெய்தோர்க்கு வருங்காலம் தெரியாது. கையிலிருந்த அரைகுறைச் சான்றை அரைகுறையென்றே அவர்கள் ஒப்புக்கொண்டதுதான் அவர்களுடைய சிறப்பு என்பது எமது கருத்து.

1969இல் நிலைமை தலைகீழாயிற்று. மார்ச்சு மாதத்தில் உசூரி ஆற்றுத் தீவொன்றில் சோவியத் படையும் சீனப் படையும் மோதின. ஆகஸ்ட் 18ஆந் திகதி, வாசிங்டனிலிருந்த சோவியத் ஸ்தானிகராலய அதிகாரி ஒருவர் மதிய உணவின்போது, தம் நாடு சீன அணு நிலையங்களைத் தாக்கினால் அமெரிக்கா என்ன செய்யும் என அமெரிக்க அதிகாரி ஒருவரை வினவினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஹரிமன் கொண்டுசென்ற வினா திரும்பி வந்தது! செப்ரெம்பர் 11இல், ஹோ சி மின்னுக்கு இறுதி மரியாதை செலுத்தித் திரும்பிய கொசிகின் பீக்கிங் விமான நிலையத்தில் சூ என் லாயைச் சந்தித்தார்; ஒக்ரோபரிற் பேச்சுவார்த்தை தொடங்கியது. அவ்வேளையிலும் சீனத் தலைவர்கள் தாக்குதலுக்கு அஞ்சித் தலைநகரைவிட்டு வெளியேறியிருந்தனர்.

இரண்டரை ஆண்டுகள் கழிந்து, 1972 பெப்ரவரியில், அமெரிக்கச் சனாதிபதி நிக்சன் பீக்கிங் சென்று மா சே துங்கின் கையைப் பற்றிக் குலுக்கினார். அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையிற் சீனா சேர்ந்தது 1992இல்.